வெயில் படாத பிள்ளை

அந்த பஸ் ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடு தாயி. காத்து போனாப் போகுது. பாப்பா முகத்துல வெயில் நேரா அடிக்குது பாரு. உன் மகளா? காலேஜு படிக்குதா, சரி சரி. இன்னும் ரெண்டு வருசத்துல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருவீக. அப்ப நான் சொல்றத இப்பவே காதுல வாங்கி வச்சுக்க. யாரும் உனக்கு இதச் சொல்ல மாட்டாக.

எனக்குப் பரமக்குடி. காலைல திருப்புவனம் போயி எம் பெரிய மகளுக்குப் பத்திரிகை வச்சிட்டுத் திரும்புறேன். சின்னவளுக்குக் கல்யாணம், வைகாசி பதினாலு. ஆமா, கத்திரிலதான். ஊரே கேக்குது, ஏன் இந்த வெயில்ல வச்சீகன்னு. மண்டபம் கிடைச்சாத்தான முகூர்த்தம்? கோடைல கல்யாணம் வச்சா எல்லாரும் எதப் பத்தி ரோசிப்பாக? தண்ணி லாரிக்குச் சொல்லணும், ஏர்கூலர் வாடகைக்கு எடுக்கணும், காலைல வச்ச சாம்பாரு மத்தியானம் ஊசிறக் கூடாது. எனக்கு அதெல்லாம் கவலையே இல்ல. அதுக்கெல்லாம் ஆளு இருக்கு. எங்கவலை பொண்ணு தோலு மேல. ரெண்டு மாசம் ஒரு சொட்டு வெயில் படாமப் பிள்ளைய வச்சிருந்து மணையில கொண்டு போயி உக்கார வைக்கிறது இருக்கே, அதுதான் வேலை. மத்ததெல்லாம் காசு குடுத்தா நடக்கும்.

என்னைப் பாரு. நல்லாப் பாரு, வெக்கப்படாத. கறுப்புத்தான? எங்க மாமியா எங்க கல்யாண ஆல்பத்த, வீட்டுக்கு யாரு வந்தாலும் எடுத்து விரிச்சு வைக்கும். "இதுல எம் மருமக எங்கிட்டு நிக்கிறா, பல்ல வச்சுக் கண்டுபிடிங்க பாப்போம்"னு சொல்லும். வந்தவுக சிரிப்பாக. காப்பி டம்ளரக் குடுத்துட்டு நானும் சிரிப்பேன். பதினோரு வருசம் தாயி. அது சாகுற வரைக்கும். செத்த அன்னிக்கு மொத வேலையா அந்த ஆல்பத்தத் தேடி எடுத்து அடுப்புல வச்சேன். பிறகு வந்துதான் அழுதேன்.

எம் பிள்ளைக அந்தப் பேச்சு வாங்கக் கூடாது. அம்புட்டுத்தான். இதுல என்ன தப்பு இருக்கு, நீயே சொல்லு.

பெரியவ பேரு முத்துமீனா. அவளுக்கு நாலு வருசத்துக்கு முந்தி மாசி மாசம் பொண்ணு பாக்க வந்தாக. மாப்பிள்ளை பேரு பாலகுரு, சின்ன லோடு வண்டி சொந்தமா வச்சு ஓட்டுறாரு. அவரு அப்பா தலையாரியா இருந்து ரிட்டயர் ஆனவரு. தங்கமான மனுசன். வந்து உக்காந்ததும் சொல்லிட்டாரு, "எங்களுக்கு நகை வேணாம், சீரு செனத்தி எதுவும் வேணாம்"னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. இந்தக் காலத்துல யாரு அப்படிச் சொல்லுவாக?

மீனா அப்ப ஒரு கவர்மென்ட் பரீட்சை எழுதியிருந்தா. ரெண்டு வருசம் ராத்திரி பகலாப் படிச்சு பாஸும் பண்ணிட்டா. சென்னைக்கு வரச்சொல்லி ஒரு லெட்டர் வருமாம். போயி சர்டிபிகேட்டக் காட்டினா எந்த ஊரு, எந்த ஆபீசுன்னு கையோட வேலைய எழுதிக் குடுத்துருவாகளாம். சம்பந்தி அதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. எந்தப் பரீட்சை, எம்புட்டு மார்க்கு, எப்பக் கூப்பிடுவாக, எந்த ஊருன்னாலும் போவியாம்மான்னு. மீனாவும் சளைக்காமப் பதில் சொன்னா. ரெண்டு பேரும் பரீட்சை ஹாலுல உக்காந்த மாதிரி ஒரு மணி நேரம். பொழுது போகணும்ல, பெரிய மனுசன், எதையாவது கேப்பாருன்னு நான் விட்டுட்டேன்.

ஆனா மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தி வந்திருந்தா. அவ காப்பிய வாங்கும்போது மெதுவாச் சொன்னா, "பொண்ணு மாநிறம்தான், ஆனா களையா இருக்கா." அந்தப் பேச்சு எங்காதுல விழுந்துச்சு பாரு, அதோட என் தூக்கம் போச்சு. மாநிறம்தான். அந்தத் 'தான்'ங்கிறதுக்கு என்ன அர்த்தம்? நகை கேக்கல, சீரு கேக்கல, எதுவுமே கேக்காதவுக நிறத்தையாச்சும் கேக்க மாட்டாகளா? வாயி விட்டுக் கேக்கல, நல்ல குடும்பம். நாமதான் புரிஞ்சு நடந்துக்கணும். நான் புரிஞ்சுக்கிட்டேன்.

முகூர்த்தம் வைகாசி பதிமூணுன்னு குறிச்சுட்டாக. மே மாசம் இருபத்தேழு. ஆவணில வச்சுக்கலாம்னு நான் கெஞ்சிப் பாத்தேன், சம்பந்தி கேக்கல. பங்குனி கடைசில மீனாவ உள்ள வச்சேன்.

வாசப்பக்கம் ஒரு ரூமு, சிமென்ட் ஷீட்டு போட்டது. ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வைய ஆணி அடிச்சுக் கட்டுனேன். விடியிறதுக்கு முந்திக் குளிச்சிறணும். பகல்ல கொல்லைப்பக்கம் போகணும்னா குடை, குடைக்கு மேல ஒரு சேலை. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ அரைச்சு மூணு வேளை பூசி விட்டேன். காப்பி கிடையாது, காப்பி குடிச்சாக் கறுக்கும். போனையும் வாங்கி வச்சுக்கிட்டேன், அந்த வெளிச்சத்தப் பாத்தாக் கண்ணுக்குக் கீழ கருப்பு விழும்னு பார்லருக்காரப் பிள்ளை சொல்லுச்சு. கூடப் பரீட்சை எழுதுனவளுக ரெண்டு பேரு வாசல்ல வந்து நின்னாளுக, லெட்டர் விசயமாப் பேசணும்னு. கல்யாணப் பொண்ணு இப்ப யாரையும் பாக்க மாட்டான்னு அனுப்பி விட்டுட்டேன்.

ஷீட்டு ரூமு, வெக்கை இருக்கத்தான் செய்யும். கரண்டு வேற போயிப் போயி வரும். கழுத்து, முதுகு, கக்கம் எல்லாம் வேர்க்குரு. ஒரு நாளு மயக்கம் போட்டு விழுந்துட்டா. நல்லவேளை மல்லாக்க விழுந்தா, முகத்துல அடி படல.

எதுக்கும் எதுத்துப் பேசல தாயி, அதையும் சொல்லணும். சொன்னபடி கேட்டா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "லெட்டர் வந்துச்சுன்னா அந்த ஒரு நாள் மட்டும் என்னை விட்டுரும்மா. மத்த நாளெல்லாம் நீ சொன்ன இடத்துல இருக்கேன்." சரின்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அப்பத்தான பிள்ளை நிம்மதியா இருக்கும். நிம்மதியா இருந்தாத்தான முகத்துல தெளிவு வரும்.

சித்திரை கடைசில லெட்டர் வந்துருச்சு. போஸ்ட்மேன் எங்கையிலதான் குடுத்தாரு. எனக்கு வாசிக்க வராது, அவரே பிரிச்சு வாசிச்சாரு. மே பதினெட்டாம் தேதி காலை எட்டரை மணிக்கு சென்னைல இருக்கணும், சர்டிபிகேட்ட எல்லாம் கொண்டு வரணும்னு போட்டிருக்காம். "ஸ்வீட் எங்கம்மா"ன்னாரு மனுசன். மோரு குடுத்து அனுப்பினேன்.

வாசப்படிலயே உக்காந்து கணக்குப் போட்டேன். ராத்திரி பஸ்ஸுல போயிரலாம், சரி. காலைல அங்க இறங்கி டவுன் பஸ் பிடிக்கணும். பிறகு வரிசைல நிக்கணும். ஊர்ப்பட்ட பிள்ளைக வரும், சாயங்காலம் வரைக்கும் நிக்க வச்சிருவாக. ஒரு நாள் வெயில்ல ஏறுன கறுப்பு இறங்க இருபது நாளாவது ஆகும். பதினெட்டுக்கும் இருபத்தேழுக்கும் நடுவுல இருக்கிறதோ ஒம்பது நாளு. எப்படி இறங்கும்? நீ சொல்லு, எப்படி இறங்கும்?

லெட்டர மடிச்சு அரிசி டிரம்முக்குள்ள வச்சேன். கிழிக்கல தாயி. கிழிக்கிறதுக்கு நான் என்ன பாவியா? கல்யாணம் முடியட்டும், அப்புறம் குடுத்துக்கலாம். கவர்மென்ட் எங்க ஓடிப் போகப் போகுது? எங்க வீட்டுக்காரருட்டயும் சொல்லல. அவருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே பஸ் ஏத்தி விட்டுருவாரு. அவருக்கு நிறத்தப் பத்தி என்ன தெரியும்? கல்யாணப் போட்டோவுல அவரு நல்லாத்தான் விழுந்திருக்காரு.

தெனமும் சாயங்காலம் கேப்பா, லெட்டர் வந்துச்சாம்மான்னு. இல்லடீன்னு சொல்லுவேன். சொல்லச் சொல்ல எனக்கே பழகிப் போச்சு.

பதினெட்டாம் தேதி காலைல நான் சீக்கிரமே எந்திரிச்சு அரைச்சுட்டேன். அன்னிக்குக் கொஞ்சம் கூடுதலாவே பூசினேன், ஏன்னு தெரியல, மனசு கேக்கல. எட்டரை மணி இருக்கும். கண்ண மூடிக்கிட்டு மூஞ்சியக் குடுத்து உக்காந்திருந்தா. "இந்நேரம் யாரையாச்சும் கூப்பிட்டிருப்பாங்களாம்மா?"ன்னு கேட்டா. பேசாதடி, பூசினது வெடிச்சிரும்னேன். வாய மூடிக்கிட்டா.

கல்யாணத்த நீ பாத்திருக்கணும். மண்டபத்துல லைட்டப் போட்டதும் எம் பிள்ளை எலுமிச்சம்பழமா நிக்கிறா. போட்டோக்காரன் பவுடரே வேணாம்னுட்டான். அந்த அத்தைக்காரி கிட்ட வந்து மீனா கன்னத்தத் தொட்டுப் பாத்தா. நான் பின்னாடி போயி நின்னுக்கிட்டு, மாமியாள நெனச்சு அழுதேன். வந்து பாருடி, வந்து பல்ல வச்சுத் தேடுடி எம் பிள்ளையன்னு. என் வாழ்க்கையில நான் சந்தோசமா இருந்த நாளு அது ஒண்ணுதான்.

மூணாம் நாளு மறுவீட்டு விருந்து எங்க வீட்டுல. சம்பந்தி, மாப்பிள்ளை எல்லாரும் வந்திருந்தாக. சாப்பிட உக்காருறதுக்கு முந்தி லெட்டர எடுத்தேன். வெறுங்கையால குடுக்கலாமா? தட்டுல வெத்தலை பாக்கு, பூ வச்சு, அது மேல லெட்டர வச்சு, சம்பந்தி முன்னாடி நீட்டினேன். இந்தாங்க, உங்க மருமகளுக்கு கவர்மென்ட்டுல இருந்து சீரு வந்திருக்குன்னேன். எல்லாரும் சிரிச்சாக. சம்பந்திக்கு முகமெல்லாம் பல்லு. கண்ணாடியத் துடைச்சு மாட்டிக்கிட்டு வாசிச்சாரு. திரும்ப மேல இருந்து வாசிச்சாரு.

"இது எப்ப வந்துச்சுங்க சம்பந்தியம்மா?"

"சித்திரை கடைசிலயே வந்துருச்சுங்க. பத்திரமா அரிசி டிரம்முல வச்சிருந்தேன்."

ஏன்னு கேட்டாரு. எல்லாத்தையும் சொன்னேன். ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. உங்க வீட்டுக்கு நல்ல நிறமாப் பொண்ணக் குடுக்கணும்னு நான் பட்ட பாடு எனக்குத்தான தெரியும், அதையும் சொன்னேன். நன்றின்னு ஒரு வார்த்தை வரும்னு பாத்தேன். மனுசன் லெட்டர மீனா கையில குடுத்துட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிட்டாரு.

மீனா வாசிச்சா. என்னை நிமிந்து பாத்தா.

"அன்னிக்குக் காலைல நீ எனக்கு மஞ்சப் பூசிக்கிட்டு இருந்தம்மா."

அம்புட்டுத்தான். அழுகல, கத்தல. எந்திரிச்சு வெளிய போனா. பட்டுச்சேலையோட, செருப்புக்கூட இல்லாம, வாசல்ல நடு வெயில்ல போயி நின்னா. பகல் பன்னெண்டு மணி தாயி, கத்திரி முடிஞ்சும் நெருப்பாக் காயுது. முகத்த அண்ணாந்து வச்சுக்கிட்டு நிக்கிறா. மாப்பிள்ளை கூப்பிட்டாரு, வரல. அவ அப்பா குடையோட போனாரு, தட்டி விட்டா. ஒரு மணி நேரம். ஐம்பது நாளு நான் பட்ட பாட்ட ஒரு மணி நேரத்துல அழிச்சிட்டா. பெத்தவ மேல இருக்கிற கோவத்துக்கு எவளாவது தன் மூஞ்சியக் கெடுத்துக்குவாளா?

மறுநாளே மாப்பிள்ளை சென்னைக்குக் கூட்டிட்டுப் போனாரு. கூப்பிட்ட அன்னிக்கு வராதவுக இடத்த அடுத்த பிள்ளைக்குக் குடுத்துட்டாகளாம். பத்துப் பன்னெண்டு நாளு பொறுக்க மாட்டாகளா? கல்யாணம்னு ஒரு வார்த்தை சொன்னாப் புரிஞ்சுக்க மாட்டாகளா? அவுக வீட்டுல பொம்பளப் பிள்ளைகளே இல்லையா?

அதுக்குப் பிறகு சம்பந்தி எங்க வீட்டுல கை நனைக்கல. திரும்ப எழுதலாம்ல, எழுதுனா. மார்க்கு பத்தல. வயசும் ஏறிப் போச்சு, இனி எழுத முடியாதாம். சும்மா உக்காந்து சாப்பிட்டா எப்படின்னு பைபாஸுல ஒரு பெட்ரோல் பங்குல சேத்து விட்டுட்டாக. காலைல ஒம்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நிக்கணும். எனக்குத் தெரியாதா ஏன் இப்படிப் பண்றாகன்னு? அன்னிக்கு வாசல்ல நின்னு கறுத்துட்டாள்ல, அதான். நிறம் போனதும் மதிப்புப் போச்சு. அன்னிக்கு மட்டும் அவ வெளிய போகாம இருந்திருந்தா இன்னிக்கு மகராசியா இருந்திருப்பா. சொன்னா எங்க கேக்குறாளுக. நாலு வருசமா எங்கிட்ட ஒத்த வார்த்தை பேசல. போன் பண்ணினா எடுத்து, நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டு வச்சிருவா.

சின்னவ சிவரஞ்சனி வேற மாதிரி. எதுத்துப் பேசுவா. அவளுக்குப் போலீஸாகணுமாம். எழுதிப் பாஸ் பண்ணிட்டா, இனி கிரவுண்டுல ஓடிக் காட்டணுமாம், தாண்டிக் காட்டணுமாம். வர்ற இருபத்திரெண்டாம் தேதி வரச் சொல்லியிருக்காக. கல்யாணம் வைகாசி பதினாலுன்னா மே இருபத்தெட்டு. தெனமும் காலைல பள்ளிக்கூட மைதானத்துல ஓடிக்கிட்டுத் திரிஞ்சா, கன்னமெல்லாம் தீஞ்சு போயி. பங்குனிலயே பிடிச்சு உள்ள போட்டுட்டேன். இந்தத் தடவை லெட்டர ஒளிச்சு வைக்கிற வேலையெல்லாம் இல்ல, அவ கண்ணு முன்னாடியே சொல்லிட்டேன், போக முடியாதுன்னு. ஒளிச்சு வச்சதுதான தப்புன்னு பெரியவ கோவிச்சுக்கிட்டா? திருந்திட்டேன்ல?

இன்னிக்கு அந்தப் பங்குக்குத்தான் போனேன். வீட்டுக்குப் போனா சம்பந்தி முகத்துல முழிக்கணும். மீனா நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு, மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டு நிக்கிறா. பைக்கு மேல பைக்கு. ஒவ்வொருத்தங்கிட்டயும் ஜீரோ பாத்துக்கங்க, ஜீரோ பாத்துக்கங்கன்னு சொல்லிக்கிட்டே அடிக்கிறா. நான் ஓரமா நின்னேன், என்னைப் பாத்துட்டா, பாக்காத மாதிரி பதினஞ்சு வண்டிக்கு அடிச்சா. கடைசில நானே பக்கத்துல போயி, குங்குமத்த வச்சு, பத்திரிகைய நீட்டினேன். கைய சட்டையில துடைச்சிட்டு வாங்கினா. தங்கச்சி பேர விரலால தடவிப் பாத்தா. தேதியப் பாத்தா. பிறகு மூஞ்சித் துணிய இறக்கினா. ஆத்தாடி, அடையாளமே தெரியல தாயி. தோலு உரிஞ்சு, உதடு வெடிச்சு, நான் பெத்த பிள்ளையான்னு இருக்கு.

"ரஞ்சனி எங்க?"ன்னா.

நாலு வருசத்துக்குப் பிறகு மொத வார்த்தை. ரூமுல இருக்காடி, பத்திரமா இருக்கா, ஒரு பொட்டு வெயில் படலன்னேன்.

அப்பத்தான் சொல்றா. மெதுவாத்தான் சொன்னா, கோவமாக்கூடச் சொல்லல.

"அவளையாச்சும் வெயில்ல விடும்மா."

கேட்டியா தாயி? கூடப் பொறந்த தங்கச்சி. தான் கறுத்தாச்சு, தன் பொழப்பு பெட்ரோலு பங்குல போச்சு, இனி தங்கச்சியும் வெயில்ல நின்னு கறுக்கணும், அதையும் இவ கண்ணாலப் பாக்கணும். பொறாமைல எம்புட்டு விதம் இருக்குன்னு நான் பாத்திருக்கேன், பெத்த வயித்துக்குள்ளயே இப்படி ஒண்ணு இருக்கும்னு நினைக்கல. பஸ் ஏறிட்டேன்.

ஏறினதுல இருந்து ரோசிச்சுக்கிட்டேதான் வாரேன். மனசு கல்லாயிருச்சு. இருபத்தெட்டாம் தேதி அவள மண்டபத்துக்குள்ள விடக் கூடாது. அந்தக் கண்ணோட அவ பக்கத்துல வந்து நின்னா எம் பிள்ளை நிறம் என்னத்துக்கு ஆகும்? வீட்டுக்குப் போனதும் மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி, நீங்க மட்டும் வாங்க, அவளக் கூட்டிட்டு வராதீகன்னு சொல்லிறப் போறேன். அக்காக்காரி எங்கன்னு போட்டோ எடுக்கும்போது நாலு பேரு கேக்கத்தான் செய்வாக. வெயில் தாங்காது அவளுக்கு, அதான் வரலன்னு சொல்லிக்கிறேன்.